மல்லாட்டை ஏறி வந்த கப்பல்

விழுப்புரம் வந்தால் ரயிலில் கடலைக்குப் பெயர் மாறிவிடும். எழும்பூரில் அது வேர்க்கடலை. செங்கல்பட்டில் ஏறியவரும் வேர்க்கடலை என்றுதான் விற்றார். விழுப்புரத்தில் கூடையோடு ஏறிய அம்மா, "மல்லாட்ட, மல்லாட்ட, அவிச்ச மல்லாட்ட" என்று கூவிக்கொண்டே வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "அது என்ன சார் மல்லாட்ட?" என்றான். ஒரு பொட்டலம் வாங்கி அவன் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, "அட, கடலை!" என்று சிரித்தான்.

நான் போனது கடலைக்காக இல்லை, பீங்கான் பொம்மைக்காக. விருத்தாசலத்தின் பொம்மைப் பட்டறைகளைப் பார்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. கிளம்பும்போது மகள் ஒரு வம்பைப் பையில் வைத்து அனுப்பியிருந்தாள். ஆறு மாதமாக அவள் ஸ்பானிஷ் படிக்கிறாள். அந்த மொழி தெரிந்தால் அவள் வேலையில் சம்பளம் ஒரு படி கூட. வீட்டில் சமையலறை, மொட்டைமாடி எங்கே போனாலும் ஸ்பானிஷ் வினைச்சொற்கள் காதில் விழுகின்றன. தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மட்டும் சுமார் 50 கோடி, மாண்டரினுக்கு அடுத்த இடம், 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஐ.நா. சபையின் ஆறு மொழிகளில் ஒன்று, ஆப்பிரிக்காவில்கூட எக்குவடோரியல் கினியா என்று ஒரு நாடு என அடுக்கினாள். "எல்லாம் சரிம்மா, நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டேன். "அதை நீதான்ப்பா கண்டுபிடிக்கணும். ஊர் சுத்தறது நீதானே?" என்றாள்.

விருத்தாசலம் சந்திப்பு நிஜமாகவே ஒரு சந்திப்பு. சென்னை–திருச்சி கார்டு பாதையும் கடலூர்–சேலம் பாதையும் இங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஆட்டோக்காரரிடம் "செராமிக்" என்று ஒரு சொல் சொன்னேன். மேற்கொண்டு கேட்காமல் வண்டியை எடுத்தார். அரசு செராமிக் கல்லூரி, தொழிற்பேட்டை, மின்சாரத்துக்கான பீஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்யும் சின்னச் சின்னக் கம்பெனிகள், பொம்மைப் பட்டறைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். நம் வீட்டில் பீஸ் போனால் கழற்றி மாட்டுகிறோமே, அந்த வெள்ளைக் கட்டைக்கு விருத்தாசலம் பிறந்த ஊராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நான் நுழைந்த பட்டறையில் வாளி வாளியாகக் களிமண் கூழ் நின்றது. வெள்ளைக் களி, பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் பொடி மூன்றையும் தண்ணீரில் அரைத்துக் கரைத்தது. கெட்டிப்பால் பதம். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளைச் சேர்த்து, பழைய டயர் டியூபை வெட்டிய பட்டையால் இறுக்கியிருந்தார்கள். வேலை செய்த அக்கா ஒரு மக்கில் கூழை எடுத்து, அச்சின் வாய் நிரம்ப ஊற்றிவிட்டு, அடுத்த அச்சுக்குப் போனார். அச்சு தண்ணீரைக் குடிக்கிறது. குடிக்கக் குடிக்கக் கூழின் மட்டம் இறங்குகிறது. உள்சுவரில் மட்டும் களி தோல் கட்டுகிறது. பதம் பார்த்து மிச்சக் கூழைத் திரும்ப வாளியில் கவிழ்க்கிறார். கொஞ்சம் ஆறவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே வெற்றிடமாக, சாம்பல் நிறத்தில், ஈரம் மினுங்க ஒரு பிள்ளையார்.

பொருத்து விழுந்த கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் தடவினார். "இப்ப பெருசாத் தெரியுது பாருங்க சார். காய்ஞ்சு, சூளைக்குப் போய் வந்தா சின்னதாயிடும்" என்று சொல்லி, அதே அச்சில் வார்த்துச் சுட்டெடுத்த இன்னொரு பிள்ளையாரைப் பக்கத்தில் வைத்தார். ஒரு விரற்கடை குறைவாக இருந்தது. முகம் அதே முகம், தும்பிக்கை அதே வளைவு. தண்ணீர் போன அளவுக்கு உடல் சுருங்கிவிட்டது. "அச்சு செய்யறப்பவே அதையும் கணக்குப் போட்டுத்தான் பெருசா செய்வாங்க" என்றார்.

அச்சு என்ற சொல் மனதில் எங்கோ தட்டியது. பொம்மைக்கும் அச்சு, புத்தகத்துக்கும் அச்சு. தமிழுக்கு முதன்முதலில் அச்செழுத்து வார்த்தவர் ஹுவான் கொன்சால்வெஸ் என்று ஒருவர். ஏசு சபைச் சகோதரர், ஸ்பெயின் நாட்டவர் என்று அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1577இல் கோவாவில் அவர் வார்த்த எழுத்தும், அடுத்த ஆண்டு கொல்லத்தில் வார்த்த எழுத்தும் சேர்ந்துதான் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலாயிற்று. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அந்த மொழி எழுத்தில் அச்சான புத்தகம் இல்லை. மகளுக்குச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அது கோவாவிலும் கொல்லத்திலும் நடந்த கதை. "நம்ம ஊரு" என்று சவடாலாகச் சொல்லிவிட்டேனே!

மறுநாள் காலை கமிட்டிக்குப் போனேன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்பது பலகையில் இருக்கும் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது கமிட்டி. அறுவடை நேரம், வரத்து மும்முரம். நெல், எள், உளுந்து என்று குவியல் குவியலாகக் கிடந்தாலும் ஆள் கூட்டம் கடலைக் குவியல்களைச் சுற்றித்தான். வியாபாரிகள் கைப்பிடி அள்ளி, விரலால் நெரித்து உடைத்து, பருப்பின் தோலைப் பார்த்து, இரண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு நகர்ந்தார்கள். விலையைச் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலம் இங்கே. ஏலமும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்தான்.

விலைப் பலகையில் 'மணிலா' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, "மல்லாட்ட நேத்தைக்கு இன்னிக்கு பரவாயில்ல" என்றார். கண் மணிலா என்று படிக்கிறது, வாய் மல்லாட்டை என்று சொல்கிறது.

"ரெண்டும் ஒண்ணுதானா ஐயா?"

"ஒண்ணுதாங்க. எங்க தாத்தா மணிலாக்கொட்டைன்னுதான் சொல்லுவாரு. அப்புறம் மல்லாக்கொட்டை ஆச்சு. எங்களுக்கு மல்லாட்ட. வாய்ல கெடந்து கெடந்து சுருங்கிப் போச்சு."

சுருங்கிப் போச்சு என்று அவர் சொன்னதும் முந்தின நாள் பார்த்த இரண்டு பிள்ளையார்களும் கண் முன்னால் வந்து நின்றார்கள். தென்னார்க்காட்டு நாக்கு ஒரு நல்ல சூளை. மணிலாக்கொட்டை என்று ஈரத்தோடு உள்ளே போன சொல், மல்லாட்டையாகச் சுட்டு வெளியே வந்திருக்கிறது. முகம் மாறவில்லை. உற்றுப் பார்த்தால் மணிலா இன்னும் தெரிகிறது.

பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் விருத்தாசலத்துக் கொல்லைக்கும் உறவு வந்தது ஸ்பானியக் கப்பலால். கடலை தென்னமெரிக்கச் செடி. ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்தபோது அங்கே சந்தையில் அது விற்றுக்கொண்டிருந்தது. 1571இல் லெகாஸ்பி என்ற தளபதி மணிலாவை ஸ்பானியத் தலைநகராக்கினார். அதற்கு ஆறு ஆண்டு முன்பே பசிபிக் கடலைக் கடந்து திரும்பும் வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1565 முதல் 1815 வரை 250 ஆண்டுகள், மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைக்கும் மணிலாவுக்கும் இடையே அந்தப் பெரிய பாய்க்கப்பல்கள் போய் வந்தன. மெக்சிகோவிலிருந்து வரும்போது வெள்ளிக்காசு. அதோடு பாதிரிகள், சிப்பாய்கள், விதைகள். கடலை இப்படித்தான் ஆசியாவுக்கு வந்து, மணிலாவிலிருந்து நம் கரைக்கு இறங்கியது என்று பயிர் வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள். ஊர்ப் பெயரே சாட்சியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் போகும்போது கப்பலில் என்ன போனது? சீனத்துப் பட்டும் பீங்கானும்! மணிலாவில் ஏற்றிய நீலவெள்ளைப் பீங்கான் அக்காபுல்கோவில் இறங்கி, மலை ஏறி, பியூப்லா நகரத்துக் குயவர்களின் கைக்குப் போனது. ஸ்பெயினின் தலவேரா ஊர்க்காரர்கள் கற்றுக்கொடுத்த தொழில், சீனத்திலிருந்து வந்த நீலம், மெக்சிகோ மண் மூன்றும் கலந்து ஒரு பீங்கான் பிறந்தது. அதற்கு இன்றைக்கும் பெயர் தலவேரா. எந்த ஊர் மண்ணோ அந்த ஊர்ப் பெயர் இல்லை. எந்த வழியாக வந்ததோ அந்த ஊர்ப் பெயர். 2019இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக அதைச் சேர்த்தது.

கமிட்டி வாசலில் டீ குடித்தபடி இதை யோசித்தேன். ஒரே கப்பல். போகும்போது பீங்கான், வரும்போது கடலை. அந்த இரண்டையும் பிழைப்பாக வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். இந்த ஊர்ப் பீங்கானுக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் தற்செயலில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

நாம் வெறுமனே வாங்கித் தின்ற கூட்டமும் இல்லை. சோழமண்டலக் கரையின் துணி மணிலாவுக்குப் போனது, பதிலுக்கு மெக்சிகோ வெள்ளி மதராஸுக்கு வந்தது. ஆங்கிலேயர் நேராக வியாபாரம் செய்ய ஸ்பானியர் விடவில்லை. அதனால் ஆர்மீனியர், போர்த்துகீசியர், ஆசிய வணிகர் பெயரில் கப்பல்கள் ஓடின. மணிலா வியாபாரத்தில் பொருள் சேர்த்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர்தான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர். பரங்கிமலைப் படிகளும் அவர் உபயம். பிறகு 1762இல் மதராஸிலிருந்தே ஒரு படை கிளம்பிப் போய் மணிலாவைப் பிடித்தது. 1764இல் ஆங்கிலேயர் காலி செய்தபோது சிப்பாய்கள் சிலர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் அவர்கள் சந்ததி இன்றும் உண்டு. நம் சொல் சுருங்கி இங்கே நின்றது போல, நம் ஆட்கள் கரைந்து அங்கே நின்றுவிட்டார்கள்.

அந்த மணிலாவில் இன்று ஸ்பானிஷ் பேச்சுமொழி இல்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்பானியர்கள் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்டார்கள். 1898இல் இரண்டு கோடி டாலருக்கு நாட்டை அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1987 அரசியல் சட்டத்தில் ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக இல்லை. ஆனால் அங்கே தகாலோக் மொழிக்காரர் ஷூவை 'சப்பாத்தோஸ்' என்கிறார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது சப்பாத்து. அது ஸ்பானிஷ் வழி, இது போர்த்துகீசிய வழி. இரண்டும் அக்காள் தங்கை மொழிகள். கடலைக்குத் தகாலோக்கில் 'மனி'.

மகளைக் கூப்பிட்டேன். "கடலைக்கு ஸ்பானிஷ்ல என்னம்மா?"

"எந்த ஊர் ஸ்பானிஷ்ப்பா? ஸ்பெயின்ல ககவேத்தே. மெக்சிகோல ககவாத்தே. கியூபா, கொலம்பியா, அர்ஜென்டினாவுல எல்லாம் மனீ. எதுக்குக் கேக்கற?"

"வந்து சொல்றேன்."

ககவாத்தே ஸ்பானியச் சொல்லே இல்லை. மெக்சிகோவின் நாவாத்ல் மொழியில் 'த்லால்ககவாத்ல்'. 'த்லால்' என்றால் மண், 'ககவாத்ல்' என்றால் கொக்கோ. மண்ணுக்குள் காய்க்கும் கொக்கோ. நாம் என்ன செய்தோம்? நமக்கு முன்பே தெரிந்த கடலையோடு ஒப்பிட்டு நிலக்கடலை என்றோம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டம், ஒரே செடியைப் பிடுங்கிப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறது. நாவாத்லை இன்றும் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். மனீ என்ற சொல்லோ கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாய்னோ மக்களுடையது. ஸ்பானியர் வந்த ஐம்பது அறுபது ஆண்டுக்குள் நோயும் கொடுமையும் அந்த மக்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோய்விட்டன. சொல் மட்டும் கப்பலேறித் தப்பித்தது. 50 கோடி பேரின் மொழி என்று மகள் பெருமையாகச் சொன்ன கணக்கில் வாய் இழந்தவர்களின் சொற்களும் இருக்கின்றன.

மத்தியானம் பழவண்டி ஒன்றின் முன்னால் நின்றேன். கொய்யா, பப்பாளி, சப்போட்டா, ஓரத்தில் ஒரு கூறு கொடுக்காப்புளி. ஒன்றுகூட இந்த மண்ணில் முளைத்த வகை இல்லை. கொய்யாவுக்கும் பப்பாளிக்கும் உள்ளே இருப்பவை அமெரிக்கப் பழங்குடிகளின் சொற்கள். சப்போட்டா நாவாத்லின் 'த்சபோத்ல்', ஸ்பானியர் வாயில் 'சபோத்தே' ஆகி இங்கே வந்தது. கொடுக்காப்புளி மெக்சிகோ மரம். ஆங்கிலக்காரர் அதை மணிலாப் புளி என்கிறார்கள். "கொடுக்காப்புளி நாட்டு மரம் சார், வேலியில தானா வளரும்" என்றார் வண்டிக்காரர். நானூறு ஆண்டு வேலியில் நின்றால் நாட்டு மரம்தான். அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்ற முத்திரையோடு நிலக்கடலை ரகங்களும் முந்திரி ரகங்களும் இங்கிருந்து வருகின்றன. 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகத்தையே கோடு கிழித்துப் பாகப்பிரிவினை செய்துகொண்டன. முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மேற்குக் கரையில் இறங்கியது. மணிலா ஸ்பானியர் வழியாகக் கிழக்கிலிருந்து வந்தது. அண்ணன் தம்பி பங்குகள் இரண்டும் விருத்தாசலத்து நிலையத்தில் ஒரே வேலிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. கடைசியாக ஒன்று. நிலக்கடலையில் கொடி வகை, கொத்து வகை என்று இரண்டு உண்டு. கொத்து வகையில் முக்கியமான ஒன்றுக்கு உலகம் முழுக்க வேளாண் துறையினர் வைத்திருக்கும் பெயர் 'ஸ்பானிஷ்'. தமிழ்நாட்டில் அதிகம் பயிராவது அந்தக் கொத்து வகைதான். "நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவன் வாயில் மண்ணோடு கொத்தாக ஒரு பதில்.

ஆனால் மல்லாட்டை என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஸ்பானிஷ் ஒரு எழுத்துகூட இல்லை. மணிலா தகாலோக் ஊர்ப்பெயர், கொட்டை தமிழ். பொம்மைக்குள் வெற்றிடம் இருப்பது போல, அந்தச் சொல்லுக்குள் ஒரு கப்பல் போன இடம் காலியாக இருக்கிறது. ஊற்றிய கூழைக் கவிழ்த்துவிட்டார்கள். வடிவம் நின்றுவிட்டது. ஒரு மொழி உலகத்தில் எங்கே நிற்கிறது என்பதற்குப் பேசுகிறவர் தலையை எண்ணுவது ஒரு கணக்கு. அதன் பெயரே தெரியாதவர் வாயில் அது போட்ட வழி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு கணக்கு.

சாயங்காலம் பழமலைநாதர் கோயிலுக்குப் போனேன். ஆழத்துப் பிள்ளையாருக்குப் படி இறங்கி, ஏறி, ஆற்றங்கரைக்கு வந்தேன். மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை. மணலும் முள்ளும். சுந்தரர் இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். மாற்றுக் குறையக் கூடாது என்று ஒரு துண்டைக் கையோடு மச்சமாக வைத்துக்கொண்டாராம். விவரமானவர். இந்த ஆறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் துணி மூட்டைகள் கப்பலேறிய துறை அது. ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுக்கலாம் என்றால், கடலில் போட்டதைக் கொல்லையில் எடுக்கக் கூடாதா? மாற்றுப் பார்க்க நமக்கும் ஒரு மச்சம் மிச்சமிருக்கிறது. கமிட்டிப் பலகையில் சாக்பீஸில் எழுதிய 'மணிலா'.

வீட்டுக்கு வந்ததும் பொம்மையைக் கொடுத்தேன். வறுத்த கடலைப் பையைக் கொட்டினேன். "ஸ்பானிஷ் கண்டுபிடிச்சியாப்பா?" என்றாள்.

"மல்லாட்டை."

கையில் நான்கைந்து கடலையை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் கைபேசியில் தட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு சொல் இல்லை என்றது. தோலை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டு, "சரி, கதையைச் சொல்லு" என்றாள்.